மஞ்சள் கோட்டுக்கு நான்கு விரல் கீழே

மே மாதம் முடிவதற்குள் இதைப் படித்துவிடுங்கள். ஜூனில் உங்களுக்கு நேரம் இருக்காது. ஜூலையில் படித்துப் பிரயோஜனம் இல்லை. உங்களில் பாதிப் பேர் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். தாராவியில் பிறந்து, இந்தியில் சண்டை போட்டு வளர்ந்த பிள்ளைகள். அதற்காக உங்களைக் குறை சொல்லவில்லை. படிக்கத் தெரிந்தவன் ஒருவன் சத்தமாக வாசிக்கட்டும். மற்றவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து கேளுங்கள்.

நான் குர்லாவில் முப்பத்தெட்டு வருடம் கார் ரிப்பேர் பார்த்தவன். இப்போது முழங்கால் இரண்டும் போய், செம்பூரில் மகள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். ஓய்வு என்று பெயர். ஆனால் வாரத்துக்கு இரண்டு பேராவது போன் போட்டு, "அண்ணாச்சி, கஸ்டமர் இன்டேக் கேக்குதான், மாட்டிரலாமா?" என்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

நம் ஷெட்டுக்கு நேற்றுத்தான் வந்து சேர்ந்தவனுக்காக ஒரு வார்த்தை. எஞ்சினுக்கு மூக்கு உண்டு. வண்டி செய்கிற கம்பெனி அந்த மூக்கை உயரத்தில், ஒரு பெட்டிக்குள் ஒளித்து வைத்திருக்கும். எஞ்சின் சூட்டில் காற்று சூடாகிறது, குளிர்ந்த காற்று கிடைத்தால் வண்டி இன்னும் துள்ளும் என்று சொல்லி, அந்தப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு நீளமான குழாயைப் பூட்டி, அதன் வாயை பம்பருக்குப் பின்னால் ரோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பதுதான் இந்த இன்டேக் வேலை. உண்மையைச் சொன்னால் வண்டி துள்ளுவது கொஞ்சம், உறுமுவதுதான் அதிகம். பையன்கள் அந்த உறுமலுக்குத்தான் ஆசைப்படுகிறார்கள். வெயில் காயும் எட்டு மாதம் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. மீதி நாலு மாதம், மூக்கை முழங்காலில் வைத்துக்கொண்டு பம்பாய் மழையில் நடக்கிற கதைதான்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். எஞ்சினிடம் அந்தப் பேச்சு செல்லாது. அதற்குச் சாண் வேறு, முழம் வேறு, நாலு விரலும் வேறு. காற்றை நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியாது. மூக்கு வழியாக ஒரு டம்ளர் தண்ணீர் உள்ளே போனால், மேலே ஏறி வருகிற பிஸ்டன் அதில் முட்டும். அதைத் தாங்குகிற ராடு வளைந்துபோகும். தண்ணீர் குடித்து நின்றுபோன எஞ்சினை மறுபடி சாவி போட்டுத் திருப்புகிறவன் தன் கையாலேயே அதைக் கொல்கிறான். இதை உங்களுக்குச் சொல்ல நான் தேவையில்லை, எல்லா ஷெட்டிலும் முதல் மழைக்கே கற்றுக்கொண்டுவிடுவீர்கள். ஷெட்டில் கற்றுத்தராத ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன்.

முதலில் ஒரு சின்ன அவமானம். நான் மாட்டிய முதல் இன்டேக் மாட்டுங்காவில் இருந்த ஒரு பேங்க் ஆபீசருடைய கார். மழை பிடித்ததும் அவர் பயந்துபோய் வந்தார். தண்ணீர் போகக்கூடாது, அவ்வளவுதானே என்று நான் ஒரு கனத்த பாலிதீன் பையை எடுத்து, குழாய் வாயில் இருக்கிற ஃபில்டருக்குச் சட்டை மாதிரிப் போட்டு, கீழே மூச்சுக்கு ஒரு சந்து விட்டு, ரப்பர் பேண்ட் சுற்றி அனுப்பினேன். பெரிய யுக்தி செய்துவிட்ட நினைப்பு. மறுநாள் காலை அவரே போன் செய்தார்.

"என்னப்பா, உன் பாலிதீனை எஞ்சின் சாப்ட்டுடுத்து. இப்ப நான் ஆபீஸ் போறதா, இல்லே அது ஜீரணமாற வரைக்கும் இங்கேயே காத்துண்டிருக்கறதா?"

எஞ்சின் இழுத்த இழுப்பில் பை உள்ளே போய் வாயை அடைத்துக்கொண்டு, செம்பூர் ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே திட்டினார். தண்ணீரைத் தடுக்கிறேன் என்று காற்றைத் தடுக்காதே என்பது அன்று படித்த பாடம். இப்போதெல்லாம் ஃபில்டருக்கு மேலே மாட்டுகிற துணி உறை வந்திருக்கிறது, நீங்கள் சாக்ஸ் என்கிறீர்களே, அது தெறிக்கிற தண்ணீருக்கு நல்லது. மூழ்கினால் அதுவும் கை விரித்துவிடும். மழைக்கு முன்னால் குழாயைக் கழற்றிவிட்டுக் கம்பெனிப் பெட்டியை மறுபடி மாட்டுவதுதான் ஒரே வழி. நான் எல்லாரிடமும் அதைத்தான் சொன்னேன். பாதிப் பேர் கேட்டார்கள். மீதிப் பேர் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று இழுத்தடித்தார்கள்.

அந்த மீதிப் பேருக்காகத்தான் மஞ்சள் கோடு போட ஆரம்பித்தேன். ஷெட்டின் சமதரையில் வண்டியை நிறுத்தி, குழாயின் வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து, அதே உயரத்தில் முன் மட்கார்டின் மேல் மஞ்சள் டேப் ஒன்றை ஒட்டிவிடுவேன். "தண்ணி இந்த மஞ்சளத் தொட்டா திரும்பிரு, தொடலைன்னா போ." சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரிகிற விஷயம். இரண்டு மூன்று மழையில் அது பிரபலமாகிவிட்டது. ஆண்டாப் ஹில்லில் அதற்கு 'அண்ணாச்சி கோடு' என்றே பெயர். இன்டேக் மாட்டாத வண்டிக்காரர்கள்கூட வந்து ஒட்டச் சொன்னார்கள். நானும் நெற்றியில் திருநீறு பூசிவிடுகிற பூசாரி மாதிரி ஒட்டிக்கொண்டே இருந்தேன். எனக்கு அதில் தலைகால் தெரியாத பெருமை. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

செல்வத்தைப் பற்றிச் சொல்கிறேன். தாராவியில் பலசரக்கு மொத்தக் கடை வைத்திருந்த குடும்பம், சொந்த ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். அப்பா காலமான பிறகு கடையைச் செல்வம்தான் பார்த்துக்கொண்டான். முப்பது வயது இருக்கும். வீடு ஆண்டாப் ஹில்லில். அம்மாவும் அவனும் மட்டும். கடையில் நாள் முழுக்க மூட்டை, பில், சண்டை. அவனுடைய ஒரே சந்தோஷம் அந்தக் கார். டிசம்பர் மாதம் வந்து இன்டேக் மாட்டச் சொன்னான். மாட்டினேன். ஃபாக் லைட்டுக்குப் பின்னால், ரொம்பத் தாழ்வாகத்தான் வாய் வந்தது. வேறு இடம் இல்லை. "மே மாசம் வந்து பழசை மாட்டிட்டுப் போயிரணும்" என்று சொன்னேன். தலையாட்டினான்.

மே கடைசியில் வந்தான், பழைய பெட்டியை மாட்ட வரவில்லை. "கடையில லோடு எறங்குது அண்ணாச்சி, நாலு நாளு கழிச்சு வாரேன். இப்போதைக்குக் கோடு போட்டு விடுங்க" என்றான். முன் சீட்டில் அவனுடைய அம்மா உட்கார்ந்திருந்தார். டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்குப் போகிற வழி. வாரத்துக்கு மூன்று தடவை போகவேண்டும், கிட்னி இரண்டும் ஓய்ந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. நான் மரியாதைக்கு டீ சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம் தம்பி. எனக்குத் தண்ணியே அளந்துதான். நாளு முழுக்க ரெண்டு டம்ளர். நாக்கு வறண்டா வாயக் கொப்புளிச்சித் துப்பிக்கிடுவேன்" என்றார்.

நான் கீழே உட்கார்ந்து டேப் ஒட்டிக்கொண்டிருந்ததைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "இது என்னத்துக்கு?"

"இதுக்கு மேல தண்ணி வந்தா எஞ்சின் குடிச்சிரும்மா. ஒரு டம்ளர் உள்ள போனாலே போதும், போய்ச் சேந்துரும்."

"அப்ப அதுவும் என்னயப் போலத்தான்னு சொல்லுங்க" என்று சொல்லிச் சிரித்தார். முகம் வீங்கியிருந்தது. ஆனாலும் நல்ல சிரிப்பு. செல்வம், "சும்மா இரும்மா" என்றான். நாலு நாள் கழித்து அவன் வரவில்லை. நானும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

ஜூலையில் மூன்று நாள் விடாமல் பெய்த ஒரு மழை. இரண்டாம் நாளே ஷெட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குள் எனக்கு ஆறு போன் வந்தது, எல்லாம் நின்றுபோன வண்டிகள். அந்த மாதிரி நாளுக்கென்று என்னிடம் மூன்று கேள்வி இருந்தது. எப்படி நின்றது? சாவியைத் திருப்பினாயா? தண்ணீர் எவ்வளவு? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் எஞ்சின் பிழைக்குமா என்று ஷெட்டில் இருந்தபடியே சொல்லிவிடுவேன். கூட வேலை பார்த்தவர்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஏழாவது போன் செல்வத்துடையது.

"அண்ணாச்சி, கிங்ஸ் சர்க்கிள் பாலத்துக்கிட்ட வண்டி நின்னுட்டு."

"எப்படி நின்னுச்சு? இருமி இருமியா, டக்குன்னா?"

"டக்குன்னுதான். எதுத்தாப்புல ஒரு பஸ் வேகமா வந்துச்சு. அலை வந்து மூஞ்சியில அடிச்சுது. அவ்வளவுதான், நின்னுட்டு."

"சாவியத் திருப்பினியா?"

"இல்ல அண்ணாச்சி."

"நல்ல பிள்ள. தொடாத. என்ன ஆனாலும் சாவியத் தொடாத. தண்ணி எவ்வளவு கெடக்கு?"

"முட்டுக்குக் கீழதான். கோட்டுக்கு நாலு விரல் கீழ இருந்துச்சு அண்ணாச்சி. நான் எறங்கிப் பாத்துட்டுத்தான் உள்ள விட்டேன்."

கோட்டைச் சமதரையில், தண்ணீரே இல்லாத இடத்தில், காலி வண்டியில் அளந்து ஒட்டியவன் நான். ரோட்டில் கிடக்கிற தண்ணீர் பாத்திரத்துத் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடக்காது, அதில் பஸ் போகும், அலை எழும்பும் என்பது அந்தக் கணம்தான் மண்டையில் உறைத்தது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று ஊரில் சொல்வார்கள். ஆழம் இவ்வளவுதான் என்று பொய் சொல்லி அவன் காலை விடவைத்தது என் கோடு. என் கோட்டை நம்பியவனுடைய எஞ்சின் போய்விட்டால் ஆண்டாப் ஹில் முழுக்க என் பேர் நாறும். அந்த எஞ்சினை எப்படியாவது காப்பாற்றிவிடவேண்டும். என் புத்தி முழுக்க அதிலேயே இருந்தது.

"வண்டிய விட்டுட்டு எங்கயும் போவாத. தள்ளுதேன், ஸ்டார்ட் பண்ணித் தாரேன்னு எவனாவது வருவான், கைவைக்க விடாத. நீ வண்டியிலயே இரு, நான் வாரேன்."

"அண்ணாச்சி, அது வந்து..." என்று இழுத்தான்.

"வாரேன்னு சொல்லுதேம்லா. போன வையி."

அவனுக்குப் பின்னால் ஒரு இருமல் கேட்டது. பெண்ணின் இருமல். அது என் காதில் விழுந்தது. விழவில்லை என்று சொல்லி உங்களிடம் தப்பித்துக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. விழுந்தது, நான் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

வண்டியை விட்டுப் போகாதே என்பது நம் தொழிலில் எல்லாரும் சொல்கிற வார்த்தை. வண்டிக்காரன் நகர்ந்துவிட்டால், உதவி செய்கிறேன் என்று வருகிறவன் எதையாவது செய்து கெடுத்துவிடுவான் என்று சொல்லிவைத்த பழக்கம். அன்று காலை நின்றுபோன ஆறு பேரிடமும் அதையே சொல்லியிருந்தேன். ஏழாவது ஆளிடமும் நாக்கு தன்னால் சொல்லிவிட்டது.

ரயில் ஓடவில்லை. ஆட்டோ ஒன்றும் வரமாட்டேன் என்றது. பிளக் கழற்றும் பானா, கயிறு, டார்ச் எல்லாவற்றையும் பைக்குள் போட்டு, போனை இரண்டு பாலிதீன் உறையில் சுற்றி அடியில் வைத்துக்கொண்டு நடந்தேன். குர்லாவில் இருந்து சயான் வழியாக, சில இடத்தில் இடுப்பளவு தண்ணீர். மேன்ஹோல் எங்கே திறந்து கிடக்கிறதோ என்று சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் போகவேண்டியிருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று தாண்டிவிட்டது. வழி நெடுக, ராடு வளைந்திருக்குமா, ஒரு சிலிண்டரா, இரண்டா என்றே யோசித்துக்கொண்டு போனேன்.

பாலத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் தொடைக்கு மேல் ஏறியிருந்தது. மற்ற வண்டிகளை எல்லாம் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். செல்வத்தின் கார் மட்டும் ஜன்னல் முழுக்க மூடியபடி நின்றது. பக்கத்தில் ஒரு கைவண்டிக்காரர் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். காய்கறி ஏற்றுகிற வண்டி. என் பையையும் அதில் துருத்திக்கொண்டிருந்த பானாவையும் பார்த்ததும் கத்த ஆரம்பித்தார்.

"தூ ஹீ மிஸ்திரி ஹை க்யா?" நீதான் அந்த மெக்கானிக்கா என்று கேட்டார். எவ்வளவு நேரமாகச் சொல்கிறேன், இந்த அம்மாவை என் வண்டியில் ஏற்று, ஆஸ்பத்திரியில் விடுகிறேன் என்று! இவன் கேட்க மாட்டேன் என்கிறான். மிஸ்திரி வருவார், வண்டியை விடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறான். இந்தியில் அவர் இன்னும் என்னவெல்லாமோ சொன்னார். எனக்குத் தகுந்த வார்த்தைகள்தான்.

கதவைத் திறந்தோம். தண்ணீர் சீட்டைத் தொட்டிருந்தது. அம்மா காலைச் சீட்டின் மேல் மடக்கி வைத்துக்கொண்டு, முன்னால் குனிந்து மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். உள்ளே அனல். ஜன்னலை ஏன் இறக்கவில்லை என்று கேட்டேன். "சாவியத் தொடாதன்னு சொன்னீங்கல்லா" என்றான். சாவி போடாமல் அந்த வண்டியில் ஜன்னல் இறங்காது. அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு நின்றது. "போன தடவையும் மழையில டயாலிசிஸ் போவ முடியல அண்ணாச்சி. இன்னைக்குக் கட்டாயம் போட்டாகணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. டாக்ஸி ஒண்ணும் கெடைக்கல. கோடு இருக்கு, பயமில்லம்மான்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன். உங்களுக்கு நாலு தடவை போன் போட்டேன்."

போன் என் பையின் அடியில், இரண்டு உறைக்குள், ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் இருந்தது.

அம்மா என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாய் எடுத்தார், மூச்சு இடம் கொடுக்கவில்லை. மூன்று பேருமாகத் தூக்கிக் கைவண்டியில் படுக்கவைத்தோம். செல்வம் தன் சட்டையைக் கழற்றி அவர் முகத்தின் மேல் மழை படாமல் பிடித்துக்கொண்டே வந்தான். அங்கிருந்து டயாலிசிஸ் சென்டருக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று தெரியுமா? இருபது நிமிடம். மாட்டுங்கா பக்கம், தண்ணீர் இல்லாத மேட்டில் இருக்கிறது. எனக்குப் போன் செய்தபோதே, தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இருந்தபோதே கிளம்பியிருந்தால் இன்னும் சீக்கிரம் போயிருக்கலாம்.

மெஷினில் போட்டார்கள். பாதியில் இதயம் தடுமாறி, பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். மூன்றாம் நாள் விடியற்காலையில் இறந்துபோனார். இரண்டரை மணி நேரம் முந்தி வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று நான் டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். பிழைத்திருக்க மாட்டார் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். அவர் நேர்மையான மனிதர், சொல்லவில்லை.

யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. உறவுக்காரர்கள் எல்லாம், இந்த மழையில் குர்லாவில் இருந்து நடந்தே வந்தாரே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கோடு தவறிப்போனதற்கு யானைக்கும் அடி சறுக்கும் என்று ஆறுதல் சொன்னார்கள். சறுக்கியது யானைதான், சரி. அது யார் மேல் விழுந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆண்டாப் ஹில்லில் ஒவ்வொரு வண்டியாகத் தேடிப்போய் மஞ்சள் டேப்பை உரித்தேன். சில பேர் சண்டைக்கு வந்தார்கள். ஒருவர் "இது இருந்தா ஒரு தைரியம் அண்ணாச்சி" என்றார். அந்தத் தைரியம்தான் வேண்டாம் என்று சொல்லி உரித்துவிட்டு வந்தேன்.

இனி உங்களுக்கு. மழைக்கு இன்டேக்கைக் கழற்றமாட்டேன் என்கிற கஸ்டமரிடம் முகத்துக்கு நேராகச் சண்டை போடுங்கள். வராவிட்டால் போன் போட்டுக் கூப்பிடுங்கள். கோடு, சாக்ஸ், பாலிதீன் என்று இடைவழி எதையும் காட்டாதீர்கள். இடைவழி ஒன்று இருந்தால் எவனும் நேர்வழிக்கு வரமாட்டான், நான் அப்படித்தான் செல்வத்துக்கு ஒரு இடைவழி காட்டினேன். மழையில் வண்டி நின்றுபோய் ஒருவன் போன் செய்தால், என் மூன்று கேள்விகளை அப்புறம் கேட்டுக்கொள்ளுங்கள். முதலில், "வண்டியில யாரு இருக்கா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள், அவன் முழுசாகச் சொல்லி முடிக்கட்டும். அதற்குப் பிறகு நான் அப்படிக் கேட்டபோதெல்லாம் கிடைத்த பதில்களைச் சொல்லட்டுமா? மாசமாக இருக்கிற மனைவி, ஜுரத்தில் கிடக்கிற குழந்தை, "நான் மட்டும்தான் அண்ணாச்சி, ஆனா சுகர் இருக்கு, காலையில சாப்பிடல." எஞ்சினைப் பற்றிக் கேட்டிருந்தால் இதில் ஒன்றும் தெரிந்திருக்காது. நம் காதுக்கு எஞ்சின் சத்தம் மட்டும்தான் கேட்கப் பழகியிருக்கிறது. அந்தக் காதைக் கொஞ்சம் திருகிக்கொள்ளுங்கள்.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் இன்னொன்று பாக்கி இருக்கிறது. இதுவரை யாரிடமும் சொல்லாதது.

செல்வத்தின் காரை மறுநாளே கட்டி இழுத்து ஷெட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். தண்ணீர் உள்ளே தங்கினால் துருப்பிடித்துவிடும் என்று கை பழக்கத்தில் அன்றைக்கே பிளக்குகளைக் கழற்றினேன். சுற்றிவிட்டதும் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வெளியே வந்தது. அளந்து பார்த்தேன். ஒரு ராடுகூட வளையவில்லை. அலை அடித்தபோது அவன் வண்டியை ஊர்ந்துதான் ஓட்டியிருக்கிறான், எஞ்சின் அடங்கி நின்றிருக்கிறது, பிறகு அவன் சாவியைத் தொடவே இல்லை. அந்த அம்மா ஐ.சி.யூ.வில் கிடந்த நேரத்தில் நான் எஞ்சினுக்குப் புது ஆயில் ஊற்றிக்கொண்டிருந்தேன். உள்ளூர ஒரு சந்தோஷம்கூட வந்தது. அதையும் மறைக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து செல்வம் ஷெட்டுக்கு வந்தான். மொட்டைத் தலை, தாடி. நான் கம்பெனிப் பெட்டியை மாட்டி வைத்திருந்தேன். ஒரே சாவியில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. பழைய உறுமல் இல்லை, கம்பெனிச் சத்தம், சீராக ஓடியது. அவன் பானெட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தான்.

"ஒண்ணும் ஆவலியா?"

"ஒண்ணும் ஆவல. நீ சாவியத் தொடாம இருந்தல்லா, அதான்."

"சரி அண்ணாச்சி" என்றான். பிறகு கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. கடையில் ஒரு சரக்கைப் பற்றி விசாரிக்கிற குரலில்தான் கேட்டான். "நான் சாவியத் தொடாம, வண்டிய அங்ஙனயே பூட்டிப் போட்டுட்டு, அம்மையத் தூக்கிட்டுப் போயிருந்தா எஞ்சின் போயிருக்குமா?"

பொய் சொல்லியிருக்கலாம். யாராவது வந்து தொட்டுக் கெடுத்திருப்பான் என்று சொல்லியிருக்கலாம். பூட்டிய வண்டியை யார் தொடப்போகிறார்கள்? அவனும் கடைக்காரன், கணக்குத் தெரிந்தவன்.

"போயிருக்காது. இப்படியேதான் இருந்திருக்கும்" என்றேன்.

"பொறவு எதுக்கு அண்ணாச்சி எங்கள அங்ஙன இருக்கச் சொன்னீங்க?"

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. நான் கையை உள்ளே விட்டு அதை அணைத்தேன்.